கூடுதல் மணி

எங்கள் மெத்தைக்கு ஷிஃப்ட் உண்டு.
இரவு எனக்கு, பகல் பினிதாவுக்கு.
ஆளுக்கு மாதம் இருநூற்றெழுபது டாலர்.
வீட்டுக்காரர் வாட்ஸப்பில் சேர்த்துவைத்த ஜோடி நாங்கள்.
மூன்று மாதமாய் ஒரே படுக்கை,
முகம் பார்த்ததில்லை.

ஏழு மணிப் பேருந்துக்கு நான் ஓடுவேன்.
ஏழேகாலுக்கு அவள் சாவி திரும்பும்.
நான் விட்டுப்போகும் சூடு
அவள் வந்து படுக்கும்வரை தாங்குமா என்று
வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன்.
தாங்காது.
போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனால்
கொஞ்சம் தாங்கும்.

தலையணையில் ஒரு நீளச் செம்பட்டை முடி.
போர்வையில் காப்பியும் கருகிய சர்க்கரையும்.
ஃபிரிட்ஜில் அவள் பெயர் ஒட்டிய தயிர் டப்பா,
பெயருக்குக் கீழே பொடி எழுத்தில்
'வேண்டுமானால் எடுத்துக்கொள்.'
எடுத்துக்கொண்டேன், ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன்,
குழி தெரியாமல் மேலே தடவிச் சமன் செய்து.

தண்டர் பேயில் ஏரிக்கு அந்தப் பக்கம்
ஒரு நீண்ட மலை மல்லாந்து கிடக்கிறது,
நெஞ்சும் நாடியும் தெரிய, ஒரு ராட்சதனைப்போல.
கல்லூரிப் பேருந்து ஏரிக்கரையில் வளையும்போதெல்லாம் பார்ப்பேன்.
இந்த ஊரில் எனக்குத் தெரிந்து
முழுப் படுக்கை உள்ளவன் அவன் ஒருவன்தான்.

"தனி ரூம்தானே மக்ளே?"
நாகர்கோவிலிலிருந்து அம்மா.
"தனி ரூம்தாம்மா."
பொய் இல்லை.
நான் இருக்கும்போது அதில் வேறு யாரும் இல்லை.

வாரத்துக்கு இருபத்துநான்கு மணி நேரம்
வேலை செய்யலாம் என்கிறது சட்டம்.
பினிதாவுக்கு டோனட் கடையில் மூன்று இரவு, எட்டெட்டாக.
மீதி இரவுகளில் எங்கே போகிறாள் என்று
நான் கேட்டதில்லை.
ஞாயிறு காலை பெட்ரோல் பங்கில்
எனக்குக் கையில் எப்படிப் பணம் தருகிறார்கள் என்று
அவளும் கேட்டதில்லை.

நவம்பரில் ஒரு சனி இரவு
கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார்கள்.
இரண்டு மணி அடிக்க வேண்டிய நேரத்தில்
மறுபடியும் ஒரு மணி.
டோனட் கடை மேனேஜருக்குக் குழப்பம்.
இரண்டாம் முறை வந்த அந்த ஒரு மணியை
எந்தக் கணக்கில் எழுதுவது?
எழுதினால் இருபத்தைந்தாகிவிடும்.
ஆறு மணிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாவி திரும்பியது.
நான் இன்னும் படுக்கையில்.

நினைத்ததைவிடக் குட்டை.
தொப்பியில் பனி,
கையில் விற்காமல்போன ஆறு டோனட்.
"ஐயோ, நீ படு" என்றாள்.
"இல்லை, நீ படு" என்று எழுந்தேன்.
இரண்டு பேரும் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தோம்,
யாரோ வீட்டுக்கு விருந்து வந்தவர்கள்போல.

ஜாப்பாவில் அவள் அப்பாவுக்கு டிராக்டர் கடன்.
எனக்கு வீட்டுப் பத்திரம் வங்கியில்.
அதை ஒரு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டோம்.
பிறகு தலையணை.
"தினமும் அதைத் திருப்பிப் போடுவது நீதானா?"
"ஆமாம், எண்ணெய்க் கறை
உன் முகத்தில் படக் கூடாதே."
அவள் சிரித்துச் சிரித்துத்
தொண்டையில் சர்க்கரை சிக்கி இருமினாள்.
அவளும் திருப்பித்தான் போடுவாளாம்,
காப்பி நாற்றம் எனக்கு ஆகாதோ என்று.
மூன்று மாதமாய்
அவரவர் பக்கத்திலேயே அவரவர்
முகம் வைத்துப் படுத்திருக்கிறோம்.

தயிரைப் பற்றி அவள் கேட்கவில்லை.
நானே சொன்னேன்.
"தெரியும்" என்றாள்,
"குழி விழாத தயிர் எங்கே இருக்கிறது?"

ஏழு மணிக்கு நான் பூட்ஸ் மாட்டும்போது
பாதி டோனட் கையிலேயே இருக்க
உட்கார்ந்தபடி தூங்கிவிட்டிருந்தாள்.
சாய்த்துப் படுக்கவைத்தேன்.
போர்வையை இழுத்து மூடினேன்.

அந்த ஒரு மணி நேரத்தை
மார்ச்சில் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம்.

அன்று இரவு வந்து படுத்தேன்.
தலையணையைத் தொட்டுப் பார்த்தேன்.
அவள் அதைத் திருப்பிப் போட்டிருக்கவில்லை.